ஸ்காபரோ–ரூஜ் ரிவர் தொகுதி எங்கே போனது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தென்பெண்ணைக் கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் காவேரிப்பட்டணம். என் அக்கா மகள் கல்யாணமாகி 2009-ல் கனடா போனாள். டொரண்டோவில் ஸ்காபரோ, அதிலும் மால்வர்ன் பக்கம் ஒரு அடுக்குமாடி வீடு. இன்றுவரை அதே வீடுதான், ஒரு தடவைகூட மாறவில்லை. 2011 மே மாதம் ஒருநாள் போன் செய்து, "மாமா, எங்க தொகுதியில ஒரு தமிழ்ப் பொண்ணு ஜெயிச்சு எம்.பி. ஆயிட்டாங்க, கனடாவுலயே தமிழர்ல இதுதான் முதல் தடவையாம்" என்று சொன்னாள். அவளுக்கு அப்போது அங்கே ஓட்டுரிமைகூடக் கிடையாது, ஆனாலும் குரலில் அவ்வளவு சந்தோஷம். நான் உடனே டைரியில் குறித்துக்கொண்டேன்: ராதிகா சிற்சபைஈசன், தொகுதி ஸ்காபரோ–ரூஜ் ரிவர்.

இப்போது அவள் குடியுரிமை வாங்கிவிட்டாள். 2025-ல் இரண்டு தேர்தலில் ஓட்டுப் போட்டாள், பிப்ரவரியில் மாகாணத் தேர்தல், ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தல். எந்தத் தொகுதி என்று கேட்டால், வீட்டுக்கு வந்த இரண்டு அட்டையிலும் இரண்டு வேறு பெயர் இருந்ததாம், இரண்டிலும் ரூஜ் ரிவர் இல்லையாம்! வீடு மாறவில்லை, தெரு மாறவில்லை, தொகுதி மட்டும் எங்கே போனது? அங்கே கோடு போடுவது யார், ஆளுங்கட்சியா?

இதை ஏன் இவ்வளவு விசாரிக்கிறேன் என்றால், எங்கள் காவேரிப்பட்டணமும் ஒரு சட்டமன்றத் தொகுதியாக இருந்து இல்லாமல் போனதுதான். 2006-ல் கடைசியாக அந்தப் பெயரில் ஓட்டுப் போட்டோம். எங்கள் வீட்டுப் பின் சந்துச் சுவரில் அந்தத் தேர்தலுக்கு நீலத்தில் எழுதிய எழுத்து ரொம்ப நாள் இருந்தது. மழையில் கரைந்து கரைந்து கடைசியில் "பட்டணம் சட்டம" என்ற எழுத்துகள் மட்டும் மிச்சம். பிறகு சுவரையே இடித்துக் கட்டினோம். யாராவது கேட்டால் "கிருஷ்ணகிரி பக்கம்" என்று சொல்லிப் பழகிவிட்டேன், ஆனால் மனசு ஆறவில்லை.

---

ஓசூரான் எழுதியது:

அண்ணா, வணக்கம். எனக்குச் சொந்த ஊர் ஓசூர், வேலைக்காக வந்து பதினொரு வருஷமாக ஸ்காபரோவில் இருக்கிறேன். நீங்கள் கேட்டது எனக்கும் வந்த குழப்பம்தான், அதனால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல். இங்கே தொகுதியைப் பேச்சில் "ரைடிங்" என்பார்கள். குதிரைச் சவாரிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இங்கிலாந்தில் யார்க்‌ஷயரை மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றையும் அப்படி அழைத்தார்கள், மூன்றில் ஒரு பங்கு என்று பொருள், அது இங்கே வந்து ஒட்டிக்கொண்டது.

ஸ்காபரோ 1998 வரை தனி நகராட்சி, அதற்குப் பிறகுதான் டொரண்டோவோடு சேர்த்தார்கள். அதன் வடகிழக்கு மூலை முன்பு வயல்காடு. மால்வர்னில் வீடுகள் எழும்பியதெல்லாம் 1970-களில். அந்தக் காலத்தில் இந்தப் பகுதி யார்க்–ஸ்காபரோ என்கிற பெரிய தொகுதியில் இருந்தது. வீடு பெருகப் பெருக ஜனத்தொகை ஏறிக்கொண்டே போக, 1987-ல் எல்லைகளை மாற்றி எழுதியபோது அந்தத் தொகுதியை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து பிறந்தவற்றில் ஒன்றுதான் உங்கள் டைரியில் இருக்கும் ஸ்காபரோ–ரூஜ் ரிவர். வடக்கே ஸ்டீல்ஸ் அவென்யூ, அதைத் தாண்டினால் மார்க்கம், வேறு நகரம். தெற்கே 401 நெடுஞ்சாலை. கிழக்கே ரூஜ் ஆறு ஓடும் பள்ளத்தாக்கு, அந்த ஆற்றின் பெயரைத்தான் தொகுதிக்கு வைத்தார்கள்.

1988-ல் முதல் தேர்தல். லிபரல் கட்சியின் டெரிக் லீ ஜெயித்தார், அப்புறம் 2008 வரை ஏழு தேர்தல் தொடர்ந்து அவர்தான். 2011-ல் அவர் ஒதுங்கிக்கொள்ள, புதிய ஜனநாயகக் கட்சி சார்பில் ராதிகா நின்று ஜெயித்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து ஐந்து வயதில் இங்கே வந்தவர். உங்கள் அக்கா மகள் போன் செய்த அந்த மே மாதம்தான்.

ஆனால் அதே 2011-ல்தான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் நடந்தது. இங்கே பத்து வருஷத்துக்கு ஒருமுறை, கணக்கெடுப்பு முடிந்ததும், தொகுதி எல்லைகளைத் திருத்தியே ஆக வேண்டும், சட்டம் அப்படி. அந்தத் தடவை நாடாளுமன்ற இடங்களே 308-லிருந்து 338 ஆயின. கூடிய 30-ல் ஒன்டாரியோவுக்கு மட்டும் 15. அதற்காகப் போட்ட புதுக் கோடுகளில் ரூஜ் ரிவர் தொகுதி நடுவே வெட்டுப்பட்டது. மேற்குப் பாதி ஸ்காபரோ நார்த், கிழக்குப் பாதி ஸ்காபரோ–ரூஜ் பார்க். கிழக்குத் துண்டோடு 401-க்குத் தெற்கே ஏரிக்கரை வரை இருந்த பகுதியைச் சேர்த்தார்கள். அந்தத் தெற்குப் பகுதியில் பெரும் பங்கு அதற்கு முன் பிக்கரிங்–ஸ்காபரோ ஈஸ்ட் என்ற தொகுதியில் இருந்தது, அதாவது டொரண்டோ எல்லையைத் தாண்டி அடுத்த ஊரையும் சேர்த்து ஒரே தொகுதி. அதையும் கலைத்தாயிற்று.

2015 அக்டோபரில் தேர்தல். ராதிகாவின் தொகுதி இரண்டாகிவிட்டதால் அவர் ஸ்காபரோ நார்த்தில் நின்று, லிபரல் கட்சியின் ஷான் சென்னிடம் தோற்றார். ரூஜ் பார்க்கில் கரி ஆனந்தசங்கரி ஜெயித்தார், பின்னாளில் அமைச்சரானார். ஆக, வெட்டுப்பட்ட தொகுதியில் முதல் தமிழ் எம்.பி. இடத்தை இழந்தார், வெட்டிய துண்டு ஒன்றிலிருந்து அடுத்தவர் வந்தார். கோட்டை அப்படி இழுத்தது தமிழர்களுக்கு நல்லதா கெட்டதா என்று இங்கே கடைகளில் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

சரி, இரண்டு அட்டை விஷயம். ஒன்டாரியோ மாகாணம் 1999 முதல் நாடாளுமன்றத் தொகுதிகளின் எல்லையையே தன் சட்டமன்றத்துக்கும் எடுத்துக்கொண்டது. ஆனால் எப்போதும் சில வருஷம் பின்தங்கித்தான். நாடாளுமன்றத்தில் 2015-ல் ரூஜ் ரிவர் முடிந்துவிட்டது, மாகாணத்திலோ அதே பெயர் 2018 வரை உயிரோடு இருந்தது, 2016-ல் ஒரு இடைத்தேர்தல்கூட நடந்து ரேமண்ட் சோ ஜெயித்தார். 2018-ல்தான் மாகாணமும் ரூஜ் பார்க்குக்கு மாறியது, அங்கே விஜய் தணிகாசலம் இப்போது உறுப்பினர். அதற்குள் 2021 கணக்கெடுப்பு வந்து, நாடாளுமன்ற எல்லைகளை 2023-ல் மறுபடி மாற்றினார்கள், 343 இடம். ஸ்காபரோ–ரூஜ் பார்க் போய் ஸ்காபரோ–கில்ட்வுட்–ரூஜ் பார்க் வந்தது. மாகாணம் அந்த மாற்றத்தை எடுத்துக்கொள்ளவில்லை, 2025 பிப்ரவரியில் பழைய 124 தொகுதிகளோடே தேர்தல் நடத்தியது. அதனால்தான் அட்டைக்கு ஒரு பெயர். போதாக்குறைக்கு நகராட்சி வார்டுகளும் பழைய எல்லையில்தான் நிற்கின்றன. 2018-ல் மாகாண அரசு டொரண்டோ வார்டுகளை 25 ஆகக் குறைத்து அப்போதைய நாடாளுமன்றத் தொகுதிகளோடு பொருத்தியது, அது அப்படியே இருக்கிறது. ஒரே வீட்டுக்காரர் மூன்று தேர்தலுக்கு மூன்று வரைபடம் பார்க்க வேண்டியிருக்கிறது.

---

மொரப்பூர் வாத்தியார் எழுதியது:

தம்பி ஓசூரான் சொன்ன விவரத்துக்கு நன்றி. காவேரிப்பட்டணத்துக்காரருக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் தனியாக இல்லை. 2008 மறுவரையறையில் உங்கள் தொகுதி போனபோதுதான் எங்கள் மொரப்பூரும் போனது. இங்கே பாப்பிரெட்டிப்பட்டி என்று புதுத் தொகுதி வந்தது, உங்கள் மாவட்டத்தில் வேப்பனஹள்ளி வந்தது. எங்கள் ரயில் நிலையத்துப் பலகையில் மொரப்பூர் அப்படியே இருக்கிறது, ஓட்டுச் சீட்டில்தான் இல்லை.

நான் ஆசிரியராக இருந்தபோது வாக்காளர் பட்டியல் வேலை பார்த்தவன். 2011 சட்டமன்றத் தேர்தல்தான் புது எல்லையில் நமக்கு முதல் சட்டமன்றத் தேர்தல் (நாடாளுமன்றத்துக்கு 2009-லேயே வந்துவிட்டது). வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்கும்போது ஒரு பாட்டி சுருக்குப்பையிலிருந்து வாக்காளர் அட்டையை எடுத்தார். பிளாஸ்டிக் உறை மஞ்சளாகி ஓரம் பிய்ந்து, உள்ளே போட்டோவே பாதி அழிந்திருந்தது. பின்பக்கம் திருப்பினால் சட்டமன்றத் தொகுதி மொரப்பூர் என்று அச்சு தெளிவாக இருக்கிறது. "இதுல என் பேரு இருக்கா பாரு சாமி" என்றார். பேர் இருக்கிறது, அட்டை செல்லும், ஆனால் தொகுதி எண், பாகம் எண், வரிசை எண் மூன்றும் வேறு. அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் சீட்டை வாங்கி அட்டைக்குள்ளேயே மடித்து வைத்துக்கொண்டு, "அப்ப மொரப்பூரு இல்லையா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

மாவட்டமும் தொகுதியும் ஒன்றில்லை என்பதை நம் ஆட்களே பலர் மறந்துவிடுகிறார்கள். நாம் எல்லாரும் சேலம் ஜில்லாவாக இருந்து 1965 அக்டோபர் 2-ல் தருமபுரி மாவட்டமானோம், 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனியாகப் போனது. அது நிர்வாகக் கோடு. தேர்தல் கோடு வேறு மாதிரிப் போகும். இன்றைக்குத் தருமபுரி நாடாளுமன்றத் தொகுதியில் பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் ஐந்தும் நம் மாவட்டம், ஆறாவதாக மேட்டூர், அது சேலம் மாவட்டம். ஓசூரான் சொன்ன பிக்கரிங்–ஸ்காபரோ ஈஸ்ட் மாதிரிதான், ஜனத்தொகையைச் சமன் செய்ய அடுத்த எல்லைக்குள் கை நீட்டுவார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் நம் முறை எனக்குப் பிடிக்கும். நமக்கு ஒரு நாடாளுமன்றத் தொகுதிக்குள் முழுசாக ஆறு சட்டமன்றத் தொகுதி அடங்கிவிடும். பாதி இங்கே பாதி அங்கே என்று வெட்டு விழாது. ரெண்டு அட்டையில் ரெண்டு வரைபடம் என்ற குழப்பம் நம் கிராமத்து ஜனங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

---

அரூர் பொண்ணு எழுதியது:

வாத்தியார் சார், வணக்கம். நீங்கள் சொல்வது சரி, ஆனால் கனடா முறையில் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்: அவர்கள் பத்து வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல் செய்கிறார்கள். நமக்கு மாநிலத்துக்கு எத்தனை எம்.பி. என்பது 1971 கணக்கெடுப்போடு நிற்கிறது. 1976-ல் 42-வது திருத்தம் கொண்டு வந்து நிறுத்தினார்கள், 2001-ல் 84-வது திருத்தம் அதை 2026-க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. 2008-ல் நடந்தது இருக்கிற 39 நாடாளுமன்ற, 234 சட்டமன்ற இடங்களுக்குள்ளேயே கோட்டை நகர்த்தியதுதான். அதனால் பாப்பிரெட்டிப்பட்டி வர வேண்டுமென்றால் ஏதாவது ஒன்று போயே ஆக வேண்டும். மொரப்பூர் போனதற்குக் காரணம் அந்தக் கணக்குத்தான், யாரும் ஊர்மேல் கோபப்பட்டுச் செய்ததில்லை.

எண்ணிக்கையையும் பாருங்கள். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டு ஜனத்தொகை 7 கோடியே 21 லட்சம். 39-ஆல் வகுத்தால் ஒரு எம்.பி.க்கு சுமார் 18½ லட்சம் பேர், ஒரு எம்.எல்.ஏ.வுக்கே 3 லட்சத்துக்கு மேல். ஒன்டாரியோவில் 2021 கணக்குப்படி 1 கோடியே 42 லட்சம் பேருக்கு 122 எம்.பி., அதாவது ஒருவருக்கு ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் சொச்சம். நம் எம்.எல்.ஏ. தொகுதியில் பாதிகூட இல்லை! அவ்வளவு சின்னத் தொகுதியில் எம்.பி.யை நேரில் பார்த்துப் பேசுவது எவ்வளவு சுலபம். கிருஷ்ணகிரி மாவட்டம் முழுக்க 18 லட்சத்து 79 ஆயிரம் பேர், எல்லாருக்கும் சேர்த்து ஒரே எம்.பி.

எனக்கு ஓசூரான் அண்ணாவிடம் கேட்க வேண்டியது இதுதான். ஜனத்தொகை கூடாத மாகாணம் அங்கே இடத்தை இழக்குமா? நம் ஊரில் எல்லாருக்கும் இருக்கும் பயம் அதுதான். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலத்துக்கு இடம் குறையுமென்றால் அது எந்த ஊர் நியாயம்? 1962-ல் நமக்கு 41 எம்.பி. இருந்தார்கள், 1967-ல் 39 ஆனது. ஒருமுறை பட்டிருக்கிறோம்.

---

ஓசூரான் எழுதியது:

தங்கச்சி, நல்ல கேள்வி. இங்கே அதற்குக் காப்பு இருக்கிறது. ஒன்று, எந்த மாகாணத்துக்கும் அதன் செனட் உறுப்பினர் எண்ணிக்கையைவிடக் குறைவான எம்.பி. இருக்கக் கூடாது. பிரின்ஸ் எட்வர்ட் தீவில் ஒன்றரை லட்சம் பேர்தான், ஆனாலும் 4 எம்.பி., 1915-ல் கொண்டு வந்த அந்த ஏற்பாட்டால். இரண்டாவது, பழைய எண்ணிக்கையைக் காப்பாற்றும் விதி. 2021 கணக்கெடுப்புக்குப் பிறகு முதலில் போட்ட கணக்கில் கியூபெக்குக்கு 78-லிருந்து 77 ஆகக் குறைந்தது. ஒரே ஒரு இடம்! ஆனால் பெரிய எதிர்ப்பு எழுந்து, 2022-ல் சட்டத்தையே திருத்தி 78-ஐக் காப்பாற்றிவிட்டார்கள். வளர்கிற மாகாணத்துக்கு மொத்தத்தில் இடத்தைக் கூட்டுவார்கள், மற்றவரிடமிருந்து பிடுங்கமாட்டார்கள். நம் ஊரில் பேசுகிறவர்கள் இதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

ஆனால் மாகாணத்துக்கு உள்ளே அப்படிக் காப்பு கிடையாது. டொரண்டோ நகரத்துக்கே 2023-ல் ஒரு இடம் குறைந்தது, 25 போய் 24. சுற்றியிருக்கும் ஊர்கள் வேகமாக வளர்ந்துவிட்டன. அந்த நெருக்கடியில் ஸ்காபரோ சென்டர் தொகுதி பக்கத்து டான் வேலியோடு ஒட்டப்பட்டு ஸ்காபரோ சென்டர்–டான் வேலி ஈஸ்ட் ஆனது.

அண்ணா கேட்ட "கோடு போடுவது யார்" என்பதற்கும் சொல்லிவிடுகிறேன். 1964-க்கு முன்னால் எம்.பி.க்களே போட்டார்கள், ஆளுங்கட்சி இஷ்டத்துக்கு. அந்த வருஷம் சட்டம் கொண்டு வந்து அவர்கள் கையிலிருந்து வாங்கிவிட்டார்கள். இப்போது மாகாணத்துக்கு ஒரு ஆணையம், மூன்று பேர். தலைவர் ஒரு நீதிபதி, மாகாணத் தலைமை நீதிபதி நியமிப்பார். மற்ற இருவரை நாடாளுமன்ற சபாநாயகர் நியமிப்பார். முதலில் ஒரு வரைபடம் வெளியிடுவார்கள், அப்புறம் ஊர் ஊராக மக்களிடம் கருத்துக் கேட்பார்கள், யார் வேண்டுமானாலும் பேசலாம். சராசரியிலிருந்து 25 சதவீதம் வரை கூடலாம் குறையலாம், அந்த இடைவெளியில்தான் ஊரின் வரலாறு, ஒரே இனமாகச் சேர்ந்து வாழும் மக்கள், ஆறு, நெடுஞ்சாலை எல்லாவற்றையும் பார்ப்பார்கள். எம்.பி.க்கள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம், பத்துப் பேர் கையெழுத்து வேண்டும். ஆனால் ஏற்பதும் தள்ளுவதும் ஆணையத்தின் முடிவு.

பெயர் நீண்டுகொண்டே போவதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். எந்த ஊரும் தன் பெயரை விட்டுக்கொடுக்காது. ஊருக்கும் ஊருக்கும் நடுவே நீளக் கோடு போட்டு எழுதுவார்கள், ஒரே ஊர்ப் பெயருக்குள் வரும் இணைப்புக்குச் சின்னக் கோடு, அந்த அளவுக்குக் கணக்கு.

---

மொரப்பூர் வாத்தியார் எழுதியது:

நம் ஆணையத்தையும் சொல்ல வேண்டும் தம்பி. 2002 சட்டப்படி அமைந்தது, தலைவர் உச்ச நீதிமன்ற ஓய்வு பெற்ற நீதிபதி குல்தீப் சிங். மாநிலத்துக்கு ஐந்து எம்.பி., ஐந்து எம்.எல்.ஏ. கூட உட்காரலாம், ஆனால் ஓட்டுக் கிடையாது. வரைவை வெளியிட்டு மக்கள் கருத்தும் கேட்டார்கள். ஆணை வந்துவிட்டால் கோர்ட்டுக்குப் போக முடியாது என்கிற நிலை. குறை அங்கே இல்லை, குறை நம்மிடம் இருந்தது. வரைவு வந்தபோது எங்கள் ஊரில் எத்தனை பேர் அதைப் படித்தோம்? நானே படிக்கவில்லை. பெயர் போன பிறகு வருத்தப்பட்டோம். கில்ட்வுட்காரர்கள் மாதிரி "மொரப்பூர்–பாப்பிரெட்டிப்பட்டி" என்று வையுங்கள் என்று ஒரு மனுவாவது கொடுத்திருக்கலாம். அடுத்த தடவை வரைவு வந்தால் நான் முதல் ஆளாக எழுதுவேன்.

---

தென்பெண்ணைக் கரை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இதைப் படித்துக் காட்டலாம் என்று அக்கா மகளுக்கு ராத்திரி போன் செய்தேன். அவளுக்கே பாதி தெரியவில்லை. வார்டு, மாகாணம், நாடாளுமன்றம் மூன்றுக்கும் பெயரைத் தனித்தனியாக எழுதிக் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டி வைக்கிறேன் என்றாள். ரூஜ் ஆற்றுப் பக்கம் இருக்கும் பெரிய காடு இப்போது தேசியப் பூங்காவாம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அடிக்கடி போவார்களாம், போட்டோ அனுப்பினாள். தண்ணீர் நம் தென்பெண்ணை மாதிரிதான், கல்லுக்கு நடுவில் ஒல்லியாகப் போகிறது.

டைரியில் 2011 பக்கத்தைத் திருப்பி, ஸ்காபரோ–ரூஜ் ரிவர் என்று எழுதியதற்குக் கீழே "1988 முதல் 2015 வரை" என்று சேர்த்துவிட்டேன். காவேரிப்பட்டணத்துக்கும் அப்படி ஒரு பக்கம் எழுத வேண்டும். முதல் தேர்தலிலிருந்து 2006 வரை யார் யார் நின்றார்கள், எந்தெந்தக் கிராமம் உள்ளே இருந்தது என்ற விவரம் முழுசாக வேண்டும். வாத்தியார் சார், பழைய பாகம் வாரிப் பட்டியல் ஏதாவது உங்கள் கைவசம் இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள், வருகிற ஞாயிற்றுக்கிழமை தருமபுரி வரை வருகிற வேலை இருக்கிறது, அப்படியே மொரப்பூர் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.